வீட்டுப் பியானோவை மைக் வைத்து ரெக்கார்ட் செய்தால் போனில் நடுக் கட்டைகள் காணாமல் போகின்றன, என்ன தப்பு?

கூடத்துப் பியானோ | கும்பகோணம் | நவம்பர் 16, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பக்கம் எழுதி ரொம்ப நாள் ஆயிற்று. வேலை இருந்தால்தான் வருவாயா என்று திட்டாதீர்கள்.

அத்தை தஞ்சாவூரில் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். போன வருடம் தவறிவிட்டார். அவருடைய அப்ரைட் பியானோ (பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கிற வகை) குட்டி யானை வண்டியில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, கூடவே ஒரு நோட்டும். அதில் அவர் கையால் எழுதிய 11 கீர்த்தனைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் இடது கைக்கு என்ன வாசிக்க வேண்டும் என்று பென்சிலில் குறித்து வைத்திருக்கிறார். சித்தப்பா பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் இந்தப் பதினொன்றையும் வாசித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கையில் இருப்பவை: பென்சில் மாதிரி ஒல்லியான கன்டென்சர் மைக் இரண்டு, இரண்டு மைக் மாட்டும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்று, பழைய லேப்டாப். பியானோ கூடத்தில் சுவரை ஒட்டி நிற்கிறது. மேல் மூடியைத் திறந்து ஒரு மைக்கை இடது கோடியிலும் ஒன்றை வலது கோடியிலும் உள்ளே எட்டிப் பார்க்கிற மாதிரி வைத்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும்.

ஹெட்போனில் கேட்டால் பிரமாதம். அதையே அம்மா போனில் போட்டுக் கேட்டால் நடுவில் உள்ள சில கட்டைகள் எங்கோ பக்கத்து வீட்டில் வாசிப்பது போல ஒலிக்கின்றன. இது முதல் பிரச்சினை. இரண்டாவது, மொத்தமாகவே ஒரு பெட்டிக்குள் இருந்து வருகிற சத்தம். மூன்றாவது, நடு சி-க்குக் கீழே உள்ள எஃப் கட்டையை அமுக்கினால் மட்டும் "ங்ங்ங்" என்று ஒரு அதிர்வு கூடவே வருகிறது. நாலாவதாகத் தவளை. அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.


சாஃப்ட்வேர் மன்னார்குடி | நவம்பர் 16, இரவு 10:40

அக்கா, கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். கம்ப்யூட்டரில் மாட்டும் ஒரு மிடி கீபோர்டு, ஒரு நல்ல சாம்பிள் லைப்ரரி இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. பெரிய ஹாலில் பெரிய கிராண்ட் பியானோவை ஒவ்வொரு கட்டையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். தவளையும் கிடையாது, எஃப் கட்டையும் உறுமாது.


கூடத்துப் பியானோ | கும்பகோணம் | நவம்பர் 16, இரவு 10:58

கோபம் எதற்குத் தம்பி. ஆனால் அந்த லைப்ரரியில் அத்தை பியானோ இல்லையே. இதில் மேல் ஸ்தாயியில் ஒரு கட்டை அரை நொடி யோசித்துவிட்டுத்தான் மேலே எழும்பும், பெடலை விடும்போது மரப்படி மிதித்த மாதிரி ஒரு சத்தம் வரும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சத்தத்தோடுதான் வளர்ந்தோம். எனக்கு அது வேண்டும்.


திருவையாறு மைக்செட் | நவம்பர் 17, காலை 6:05

அம்மா, முதல் பிரச்சினைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் கல்யாணம், திருவிழா என்று முப்பது வருடமாக மைக் போடுகிறவன். பியானோவுக்குப் போட்டது இரண்டே தடவைதான், ஆனால் இந்த வியாதி எல்லா வாத்தியத்துக்கும் ஒன்றுதான்.

ஹெட்போனில் இடது மைக் இடது காதுக்கும் வலது மைக் வலது காதுக்கும் போகிறது. போனிலோ பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகக் கலந்துதான் வெளியே வரும். சத்தம் நம் ஊர் வெக்கையில் நொடிக்குக் கிட்டத்தட்ட 350 மீட்டர் ஓடும். ஒரு கம்பியிலிருந்து இடது மைக்குக்கு உள்ள தூரத்தைவிட வலது மைக்குக்கு உள்ள தூரம் 35 சென்டிமீட்டர் அதிகம் என்று வையுங்கள். அப்போது வலது பக்கம் ஒரு மில்லி செகண்ட் தாமதம். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு மில்லி செகண்ட் என்றால் சரியாக அரைச் சுற்று. ஒரு மைக் மேலே போகும்போது மற்றது கீழே போகும், இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல் அடித்துக்கொண்டு போய்விடும். அதே கணக்கில் 1500, 2500 ஹெர்ட்ஸிலும் ஓட்டை விழும். நடு சி-க்கு மேலே இருக்கும் பி கட்டை 494 ஹெர்ட்ஸ். உங்களுக்குக் காணாமல் போவது அந்த ஏரியாதானா என்று பாருங்கள்.

கேட்கப் போகிறவர்கள் எல்லோரும் போனில்தான் கேட்பார்கள் என்றால் இரண்டு மைக்கையும் தூரமாகப் பிரிக்கவே கூடாது. ஒன்றின் தலைமேல் ஒன்று இருக்கிற மாதிரி ஒரே இடத்தில் வைத்து 90 டிகிரி பிரித்துத் திருப்புங்கள். எக்ஸ்-ஒய் என்பார்கள். சத்தம் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வந்து சேரும், கலந்தாலும் ஒன்றும் அழியாது.


மாயவரம் மாடிவீடு | நவம்பர் 17, காலை 8:31

மென்பொருளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் அலையை மேல்கீழாகப் புரட்டும் ஃபேஸ் பட்டனை அமுக்கினால் சரியாகிவிடும் என்று எங்கோ படித்தேனே? அப்புறம் 3:1 விதி என்றும் ஒன்று உண்டே, மைக்குக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று.


திருவையாறு மைக்செட் | நவம்பர் 17, காலை 9:15

ஃபேஸ் பட்டன் கேபிளில் ஒயரை மாற்றிக் கட்டியிருந்தால் உதவும். இது தாமதத்தால் வருவது. பட்டனை அமுக்கினால் ஓட்டை வேறு இடத்துக்குப் போகும், பி கட்டையைக் காப்பாற்றிவிட்டுக் கீழ் ஸ்தாயியைப் பலி கொடுப்பீர்கள்.

3:1 என்பது இரண்டு பேர் ஆளுக்கொரு மைக்கில் பேசும்போது, ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் ஒழுகாமல் இருப்பதற்கான கணக்கு. ஒரே பியானோவை இரண்டு மைக்கும் சேர்ந்து பார்க்கும்போது அதைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.


ட்யூனிங் ஃபோர்க் | திருச்சி | நவம்பர் 18, இரவு 9:20

மைக்கை எல்லாம் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நவம்பர் மாதம், டெல்டா, சுவரை ஒட்டிய அப்ரைட். எனக்கு வயிறு கலங்குகிறது.

நான் தொழில்முறையில் பியானோ சர்வீஸ் செய்கிறவன். பியானோவுக்குள் ஏறத்தாழ 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து பதினைந்து இருபது டன் இழுவை. அந்தக் கம்பிகள் உட்கார்ந்திருப்பது ஸ்புரூஸ் மரத்தில் செய்த, ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத ஒரு பலகையின் மேல். அதுதான் சவுண்ட்போர்டு. காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பலகை உப்பிக் கம்பிகளை மேலே தள்ளும், சுருதி ஏறிவிடும். எல்லாக் கட்டையும் ஒரே அளவில் ஏறினாலாவது பரவாயில்லை, நடு ஸ்தாயி அதிகமாக ஏறும், ஓரங்கள் குறைவாக ஏறும். பியானோவுக்குப் பிடித்தது 45, 50 சதவீத ஈரப்பதம். ஐப்பசி கார்த்திகையில் உங்கள் கூடத்தில் 80 காட்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். முதலில் முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கிப் பியானோ மேல் வையுங்கள்.

அத்தையின் "யோசிக்கும் கட்டை"யும் குணத்தால் யோசிக்கவில்லை, உள்ளே இருக்கும் கம்பளித் துணி ஈரத்தில் தடித்துக் கட்டைக்குள் இருக்கும் உலோகப் பின்னை இறுக்கிப் பிடிக்கிறது. (அதற்குத் தேங்காய் எண்ணெய் விடச் சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.) அந்தக் காலத்தில் பியானோவின் அடிப்பகுதியில் ஒரு சின்ன குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிடுவார்கள், அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. இப்போது அதற்கென்றே குறைந்த வாட் ஹீட்டர் குழாய் கிடைக்கிறது, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். ஒரு வீட்டில் கரண்ட் மிச்சம் என்று குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்இடி போட்டிருந்தார்கள். மூன்று மாதம் விளக்கு ஜோராக எரிந்ததாம், கட்டைகள் மட்டும் ஏன் ஒட்டுகின்றன என்று எனக்குப் போன்.

முழு ட்யூனிங் இப்போது வேண்டாம், மழை ஓயட்டும், தை கடைசியில் பார்க்கலாம். கிறிஸ்துமஸுக்குத்தான் என்றால் மூன்று கம்பி உள்ள ஸ்வரங்களில் அந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்கிறதா என்று மட்டும் ஒருவரை வைத்துச் சரிசெய்யுங்கள். மைக் முதலில் காட்டிக்கொடுப்பது அதைத்தான்.

இரண்டாவது பிரச்சினைக்கு: அப்ரைட்டின் சவுண்ட்போர்டு முதுகுப்பக்கம் இருக்கிறது. நீங்கள் முதுகைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு மேலே இருந்து மைக்கை உள்ளே விட்டால் பெட்டிச் சத்தம் வராமல் என்ன வரும்? இரண்டு அடி முன்னால் இழுங்கள். நாலு பேர் வேண்டும், பின்பக்கம் கவிழும், ஜாக்கிரதை. பெடலுக்கு மேலே உள்ள கீழ்ப் பலகை ஒரு ஸ்பிரிங் பட்டையில்தான் நிற்கும், அதை மேலே அமுக்கினால் கழன்று வரும். அதையும் எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள்.


நாகை உப்புக்காற்று | நவம்பர் 19, மதியம் 2:44

திருச்சிக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் ஈரத்தோடு உப்பும் வரும். என் மாமனார் வீட்டுப் பியானோவில் துருப்பிடிக்கிறதே என்று கம்பிகளுக்குத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்தேன். செம்பு சுற்றிய கீழ்க் கம்பிகள் அன்றோடு செத்தன. தட்டினால் பலகையைத் தட்டின சத்தம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.


கூடத்துப் பியானோ | கும்பகோணம் | நவம்பர் 24, இரவு 11:30

மீட்டர் வந்தது. 83. ட்யூனிங் ஃபோர்க் சார், நீங்கள் ஜோசியம் பார்த்தால் நன்றாகப் பிழைத்துக்கொள்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் நண்பர்களும் வந்து பியானோவை இழுத்துப் போட்டார்கள். கீழ்ப் பலகையைக் கழற்றினேன். உள்ளே ஒரு தூசிப் படுகை, அதில் மூன்று பென்சில், ஒரு 25 பைசா, ஒரு புளியங்கொட்டை, ஒரு சின்னப் பெண்ணின் ரிப்பன் கிளிப். நாற்பது வருடப் பிள்ளைகள். 25 பைசா கீழ்க் கம்பிகளுக்குப் பக்கத்தில் மரத்தில் ஒட்டிக் கிடந்தது. ஆஹா, எஃப் கட்டை உறுமலுக்குக் காரணம் இதுதான் என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எடுத்தேன், வாசித்தேன். "ங்ங்ங்."

எக்ஸ்-ஒய் வைத்ததும் போனில் எல்லாக் கட்டையும் வந்துவிட்டன, திருவையாறு சாருக்கு நன்றி. ஆனால் இப்போது ரொம்ப ஒடுக்கமாக இருக்கிறது, பியானோ ஒரு அடி அகலம்தான் என்கிற மாதிரி. கூடவே எதிரொலி. எங்கள் கூடம் பழைய காலத்துக் கூடம். சிவப்புத் தரை, உயரமான மச்சு, ஒரு பக்கம் முற்றம். கை தட்டினால் இரண்டு தடவை கேட்கும்.


திருவையாறு மைக்செட் | நவம்பர் 25, காலை 5:50

ஒடுக்கம் என்றால் அடுத்த படி. இரண்டு மைக்கின் தலைக்கும் நடுவே 17 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டும் வெளிப்பக்கம் பார்க்க 110 டிகிரி. பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கண்டுபிடித்த அளவு, ஓஆர்டிஎஃப் என்று பெயர். மனிதனின் இரண்டு காதுக்கு நடுவே இருக்கிற தூரம் கிட்டத்தட்ட இதுதான். போனில் கொஞ்சம் அடிபடும், ஆனால் நீங்கள் முதலில் வைத்த மாதிரி மோசமாக இருக்காது.

எங்கே வைப்பது என்பதற்கு அளவுகோல் கிடையாது. வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு காதை அடைத்துக்கொண்டு மற்ற காதை வைத்துப் பியானோவைச் சுற்றி வாருங்கள். குனிந்து கேளுங்கள், ஸ்டூல் மேல் ஏறிக் கேளுங்கள். எந்த இடத்தில் நன்றாக இருக்கிறதோ அங்கே ஸ்டாண்டைப் போடுங்கள். நாதஸ்வரத்துக்கும் நான் இப்படித்தான் பார்ப்பேன். புதிதாக வருகிற பையன்கள் வாயில் வைக்கிற சீவாளிக்கு நேராக மைக்கை நீட்டிவிட்டு நிற்பார்கள், ஆனால் சத்தம் அதன் உடம்பில் இருக்கிற துளைகளிலிருந்தெல்லாம் வருகிறது.

எதிரொலிக்குப் பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள், தரையில் ஜமக்காளம். நெல் மூட்டை இருந்தால் மூலையில் அடுக்குங்கள், கீழ் ஸ்தாயி உப்புசம் கொஞ்சம் அடங்கும்.


ட்யூனிங் ஃபோர்க் | திருச்சி | நவம்பர் 25, காலை 7:02

நெல் மூட்டையா? மூட்டைக்குப் பின்னாலேயே எலி வரும். எலிக்குப் பியானோவில் பிடித்த இடம் கம்பியைத் தட்டும் ஹேமரில் இருக்கிற ஃபெல்ட் கம்பளி, பிய்த்துக்கொண்டு போய்க் கூடு கட்டும். திறந்து வைத்த கீழ்ப் பலகையைப் பார்த்தால் அதற்கு ராஜ மரியாதை. வேண்டாம். மெத்தை போதும்.

எஃப் கட்டை பற்றி: பியானோவுக்குள் தேடாதீர்கள், வெளியே தேடுங்கள். ஒருவர் அந்தக் கட்டையை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கட்டும், இன்னொருவர் அறையில் உள்ள ஒவ்வொரு பொருளாகக் கையால் அழுத்திப் பிடித்துப் பார்க்கட்டும். போட்டோ ஃபிரேம், ஷோகேஸ் கண்ணாடி, எவர்சில்வர் டம்ளர், ஜன்னல் கொக்கி. எதைப் பிடித்ததும் உறுமல் நிற்கிறதோ அதுதான் ஆசாமி.


கூடத்துப் பியானோ | கும்பகோணம் | நவம்பர் 29, இரவு 9:05

ஊஞ்சல்!!!

நான் எஃப் கட்டையைத் தட்டிக்கொண்டே இருக்கிறேன், அம்மா ஷோகேஸ், காலண்டர், ஏசு படம் எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்து அலுத்துப்போய் "எனக்கு முடியவில்லை" என்று ஊஞ்சலில் உட்கார்ந்தார். உறுமல் நின்றுவிட்டது. எழுந்தார், வந்தது. உட்கார்ந்தார், நின்றது. மேலே போய்ப் பார்த்தால் சங்கிலியை மாட்டியிருக்கும் நாலு வளையத்தில் ஒன்று தேய்ந்து கொக்கியில் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. பலகையில் பாரம் ஏறினால் இறுகிக்கொள்கிறது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டோம்.

மைக்குக்கு மூன்று இடம் பார்த்தேன். பியானோ முதுகுக்குப் பின்னால் வைத்தால் சத்தம் கதகதப்பாக இருக்கிறது, ஆனால் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஹேமர் தட்டுவதே தெரியவில்லை. முன்பக்க மேல் பலகையைக் கழற்றி ஒரு அடியில் வைத்தால் தலைகீழ், டொக் டொக் என்று மரம்தான் கேட்கிறது. கடைசியில் மேல் மூடியைத் திறந்து, கீழ்ப் பலகையை எடுத்துவிட்டு, வாசிக்கிறவர் தலைக்குக் கொஞ்சம் மேலே, பின்னாலிருந்து கீழே பார்த்த மாதிரி வைத்தேன். சாண் கணக்கில் பிரித்த அந்தப் பிரெஞ்சு முறைதான். அம்மா கேட்டுவிட்டு "மதினி பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது" என்றார். அதோடு ஸ்டாண்டின் காலைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டேன்.

இப்போது ஒரே வில்லன் சத்தம். பகலில் பக்கத்து வீட்டு மோட்டார், தெருவில் மினி பஸ் ஹாரன். ராத்திரி தவளை. மழை பெய்த ராத்திரியில் அது தவளை இல்லை, மாநாடு.


சாஃப்ட்வேர் மன்னார்குடி | நவம்பர் 29, இரவு 9:40

மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பாருங்கள் அக்கா. ஃபேன் சத்தம் போல ஒரே சீராக வருவது போய்விடும். தவளை போகாது, அதற்குப் பின்னால் ஓடினால் பியானோவின் கடைசி இழுப்பும் சேர்ந்து போய்விடும். லெவல் பற்றி யாரும் சொல்லவில்லையே: ரெக்கார்டிங்கை 24 பிட்டில் வையுங்கள், இருப்பதிலேயே பலமாக வாசிக்கிற இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பைத் தொட வேண்டாம். இன்னொன்று, மைக்குக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டும் லோ கட் பட்டன் இருந்தால் அமுக்காதீர்கள். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ்.


கூடத்துப் பியானோ | கும்பகோணம் | நவம்பர் 30, காலை 6:20

தம்பி, பியானோவே வேண்டாம் என்றவர் வாயாலா இது! லெவல் குறைத்துவிட்டேன். ஆனால் ஒன்றும் வாசிக்காமல் இருக்கும்போதே அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் இருக்கிறது. கீழ் ஜி கட்டை வாசித்தால் அதோடு சேர்ந்து அலை அலையாக ஆடுகிறது.


திருவையாறு மைக்செட் | நவம்பர் 30, காலை 6:45

கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அந்த ஜி 49 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசினால் நொடிக்கு ஒரு ஆட்டம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாட்டரியில் ஓட்டுங்கள்.

அம்மா, சார்ஜர் என்றதும் இன்னொரு யோசனை வருகிறது. உங்கள் ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் போடுவார்களே, அந்த நாளைப் பிடியுங்கள். மோட்டார் இல்லை, டிவி இல்லை, மிக்ஸி இல்லை, ஃபேன் இல்லை. ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கும். இன்டர்ஃபேஸ் யுஎஸ்பியில்தானே ஓடுகிறது, மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டையும் அதுவே கொடுத்துவிடும். மார்கழி பிறப்பதற்குள் செய்துவிடுங்கள், அப்புறம் விடியற்காலையில் கோவில் ஸ்பீக்கர் வந்துவிடும். அதில் பாதி என் ஸ்பீக்கர்தான்.


மாயவரம் மாடிவீடு | நவம்பர் 30, காலை 8:10

பவர் கட்டுக்காகக் காத்திருக்கிற ஒரே இழை தமிழில் இதுவாகத்தான் இருக்கும்.


கூடத்துப் பியானோ | கும்பகோணம் | டிசம்பர் 11, இரவு 8:15

இன்று கரண்ட் இல்லை. ஒன்பது மணிக்குப் போனது. பேங்குக்கு லீவு போட்டுவிட்டேன், காரணம் எழுதவில்லை.

பத்து மணிக்கு ஆரம்பித்தோம். முதல் கீர்த்தனையில் என் வளையல், இரண்டாவதில் ஸ்டூல் கிறீச்சிட்டது, அதற்கு ஒரு துண்டை மடித்துப் போட்டோம். ஃபேன் இல்லாமல் வியர்த்து ஊற்றியது, அம்மா பனைவிசிறியோடு பக்கத்தில் நின்றார், டேக் ஓடும்போது விசிறக் கூடாது என்று ஒப்பந்தம். முற்றத்து வழியாக ஒரு காக்கா வந்து ஐந்தாவதைக் கெடுத்தது. பாட்டரி 9 சதவீதத்துக்கு வந்தபோது ஏழு முடிந்திருந்தது. யோசிக்கும் கட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது, ஹீட்டர் மாட்டினபின் கொஞ்சம் குறைவாக யோசிக்கிறது, எனக்கு அதில் சின்ன வருத்தம்.

ஏழையும் குழுவில் போட்டுவிட்டேன், டாகுமென்ட்டாக அனுப்பினேன், தரம் குறையாமல் அப்படியே போகும் என்று மன்னார்குடித் தம்பி தனியாகச் சொல்லியிருந்தார். துபாயில் இருக்கிற அண்ணன் போன் செய்து ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாவது கீர்த்தனையின் முடிவில் அந்த மரப்படிச் சத்தம் கேட்டதா என்று கேட்டார். கேட்டது என்றேன்.

பாக்கி நாலு. பேப்பரில் அடுத்த மின்தடை எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.


ட்யூனிங் ஃபோர்க் | திருச்சி | டிசம்பர் 11, இரவு 8:50

நல்ல விஷயம். கீழ்ப் பலகையைத் திரும்ப மாட்டிவிட்டீர்களா?


கூடத்துப் பியானோ | கும்பகோணம் | டிசம்பர் 11, இரவு 8:52

ஐயோ. இதோ போகிறேன் சார்.